குடிக்காமல் வாங்கிய வைன்

முருகனிடம் பிள்ளை வரம் கேட்டு விரதம் இருந்தவர்கள் உண்டு. விசா கேட்டு இருந்தவர்கள் லண்டனில் ஏராளம். வைன் அடுக்க ஒரு தட்டு றாக்கை கேட்டுக் கந்தசஷ்டி பிடித்தவள் அநேகமாக இல்ஃபோர்ட் சுவர்ணா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. அந்த விரதத்தை ஆறு வருடம் விடாமல் பிடிக்கவேண்டும் என்பது முறை. ஐந்து வருடத்தையும் அவள் மற்றவர்களுக்கே பங்கு வைத்துவிட்டாள். மகனுடைய பள்ளிக்கூடச் சோதனைக்கு ஒன்று, மகளுடைய சோதனைக்கு ஒன்று, மாமியாரின் கண்ணுக்கு ஒன்று, தம்பியின் கலியாணத்துக்கு ஒன்று, கணவனின் முதுகு வலிக்கு ஒன்று. முருகனும் வஞ்சகம் இல்லாமல் எல்லாம் கொடுத்தார், முதுகு வலியைத் தவிர. ஆறாவது வருடத்தை மட்டும் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டாள். ஐம்பது வயதில் ஒரு பெண் தனக்கென்று ஒன்று கேட்டால் முருகன் கோபிக்கவா போகிறார்?

சுவர்ணாவும் கணவன் நித்தியானந்தனும் இல்ஃபோர்டில் பதினெட்டு வருடமாக ஓஃப் லைசென்ஸ் கடை நடத்துகிறார்கள். பியர், விஸ்கி, வொட்கா, சிகரெட், லொத்தர் சீட்டு. நித்தியானந்தன் ஒரு சொட்டு மதுவும் வாயில் வைத்தறியாத சைவர். ஊரெல்லாம் குடிக்க விற்றுவிட்டு, வீட்டுக்கு வந்து மோர் குடிக்கிற மனுசன். சுவர்ணாவும் அப்படித்தான் இருந்தாள், பிள்ளைகள் யூனிவர்சிற்றிக்குப் போய் வீடு வெறிச்சோடும்வரை. பிறகு ஒருநாள், விற்கிற சாமானைப் பற்றித் தெரிந்துவைத்தால் என்ன என்று, வைன் படிக்கிற மாலை வகுப்பு ஒன்றில் போய்ச் சேர்ந்தாள். முதல் வகுப்பில் பயந்து பயந்து ஒரு வாய். நாலாவது வகுப்பில் அவள் வேறு ஆள். மூக்கும் நாக்கும் அவளுக்குப் புதிதாக முளைத்த மாதிரி இருந்தது. சோதனையிலும் நல்ல மார்க்ஸ் எடுத்துப் பாஸ் பண்ணினாள்.

அன்றிலிருந்து அவளுக்குக் கண் முழுக்கக் கடை வாசலை ஒட்டி வெறுமையாகக் கிடந்த றாக்கையில். மொத்தக் கடைக்காரன் தலையில் கட்டுகிறதை அல்ல, தான் தேடிப் போய்த் தெரிந்தெடுத்த சின்னச் சின்ன ஆட்கள் செய்கிற வைனை அதில் அடுக்கவேண்டும். நித்தியானந்தனுக்கோ அதே றாக்கையில் வேப் ஸ்டாண்ட் வைக்கவேண்டும். இளம்பிள்ளைகள் வாயில் வைத்து ஆவி ஊதுகிற அந்தக் கலர் கலர் குழாய்கள்தான் இப்போது ஓடுகிற சாமான் என்பது அவருடைய கட்சி. கடைசியில் ஒரு சமாதானம் வந்தது.

"டிசம்பர் நத்தார் வரைக்கும் பாப்பம். நீர் போய்க் குடிச்சுப் பாத்து, நல்லது எண்டு உம்மட வாயால சொல்லும். இல்லாட்டி வேப்தான்," என்றார்.

அவள் தெரிந்தெடுத்த இடம் இத்தாலியில் மொலிசே. அப்படி ஒரு மாகாணமே இல்லை என்று இத்தாலிக்காரரே பகிடி விடுகிற அளவுக்கு யாரும் எட்டிப் பார்க்காத மலைப் பக்கம். அங்கே தின்தீலியா என்று ஒரு கறுத்தத் திராட்சை. வகுப்பில் ஒருநாள் வாத்தியார் அதில் செய்த வைன் ஒன்றை ஊற்றித் தந்தபோது சுவர்ணா கிளாஸைக் கீழே வைக்க மறந்துபோனாள். லண்டன் கடைகளில் தேடினாள், அகப்படவில்லை. அப்போதே தீர்மானித்துவிட்டாள்.

ஆடி மாதம் விமான டிக்கெட் மலிவாகப் போட்டான்கள். சுவர்ணா கண்ணை மூடிக்கொண்டு ஒக்டோபருக்கு இரண்டு டிக்கெட் அடித்தாள். ஒன்று தனக்கு, மற்றது தம்பியின் மனைவி கத்தரினுக்கு. கத்தரின் மன்னார்க் கத்தோலிக்கப் பெண். கலியாணத்துக்கு முன் இத்தாலியில் பலெர்மோ நகரத்தில் பத்து வருடம் இருந்தவள், இத்தாலி பாஷை தண்ணீர்பட்ட பாடு. இப்போது லண்டன் பிளேஸ்டோவில் இருந்துகொண்டு மாதா கோயில் பாட்டுக்குழுவை ஆட்டிவைக்கிறாள். அவளை விட்டால் சுவர்ணாவுக்கு வேறு மொழிபெயர்ப்பாளர் இல்லை.

எல்லாம் சரி. தலைமயிர் வெட்டுவதற்கும் கலண்டரைப் பார்க்கிற சுவர்ணா, இந்த ஒரு விசயத்துக்கு மட்டும் பார்க்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பெரிய தமிழ்க் கலண்டர் தொங்குகிறது. தீபாவளிக்கு முதல்நாள், சுவர்ணா சுட்ட பலகாரம் வாங்கக் கடைக்கு வந்த கத்தரின்தான் அதைப் பிரட்டிப் பார்த்தாள்.

"மச்சாள், நாங்கள் போறது கந்தசஷ்டிக்குள்ளை எல்லோ?"

சுவர்ணாவுக்குக் கை கால் ஓடவில்லை. கத்தோலிக்கப் பெண் வந்து கந்தசஷ்டியை ஞாபகப்படுத்துகிறாள்! யானை தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்ட கதை. டிக்கெட்டை மாற்றமுடியாது. திராட்சை பறித்து முடிந்த அந்தக் கிழமை மட்டும்தான் ஆட்களைச் சந்திப்பேன் என்று முக்கியமான வைன்காரி ஒருத்தி ஏற்கனவே சொல்லியிருந்தாள். விரதத்தை விடவும் ஏலாது, ஆறாவது வருடம். ஆறு நாளும் பகல் முழுக்கத் தண்ணீர், பொழுதுபட்ட பிறகு ஒரு தரம் பாலும் பழமும், அவ்வளவுதான். வைனுக்காகப் பிடிக்கிற விரதம் வைனைக் குடிக்க விடாது. குடிக்காவிட்டால் றாக்கை கிடையாது.

"நீங்கள் மணந்து பாருங்கோ. நான் குடிக்கிறன்," என்றாள் கத்தரின்.

"அது உமக்கு நல்ல வசதி."

"இது சேவை மச்சாள், சேவை!"

வைனை மணந்தால் விரதம் முறியுமா என்று ஐயரிடம் கேட்க சுவர்ணாவுக்குத் துணிவில்லை. கற்பூரத்தையும் மணக்கிறோம்தானே என்று தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள்.

விரதத்தின் மூன்றாம் நாள் விடிய ஸ்டான்ஸ்டெட்டில் விமானம் ஏறிப் பெஸ்காராவில் இறங்கினார்கள். வாடகைக் கார். ஓட்டுவது சுவர்ணா. வைன் பார்க்கப் போகிற இடத்துக்கு விரதக்காரியைவிடத் திறமான டிரைவர் எங்கே கிடைப்பாள்? முதல் றவுண்டபௌட் வட்டத்தில் மட்டும் லண்டன் ஞாபகத்தில் இடப்பக்கமாக வளைத்துவிட்டாள். எதிரே வந்த லொறிக்காரன் இரண்டு கையையும் விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக் கத்தினான். "என்ன சொல்லுறான்?" என்று சுவர்ணா கேட்டாள். "விரதக்காலத்திலை உங்களுக்குச் சொல்லேலாது," என்றாள் கத்தரின்.

பிறகு மலை தொடங்கியது. வளைவுக்கு வளைவு ஊர் ஒன்று மலை உச்சியில் ஏறி நின்றது. கீழே சரிவெல்லாம் திராட்சை, இலைகள் சிவந்தும் மஞ்சளித்தும். சுவர்ணாவுக்கு வயிற்றில் பசி. ஆனாலும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டாள். பதினெட்டு வருடம் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்ற பெண், இதோ சரக்குப் பிறக்கிற இடத்துக்கே வந்துவிட்டாள்! வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போல இருந்தது, சிரித்தாள்.

முதல் இடம் ஒரு கிழவரின் வீட்டுக் கராஜ். கார் நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு வைன் தொட்டி, ஒரு பெரிய நாய். கிழவர் ஊற்றித் தந்துவிட்டு, சுவைத்துப் பார்த்துத் துப்புவதற்கு ஒரு வாளியையும் பக்கத்தில் வைத்தார். வைன் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கத்தரின் வாளியைப் பார்த்தாள், கிழவரின் முகத்தைப் பார்த்தாள், மடக்கென்று விழுங்கினாள்.

"துப்பவேணும் கத்தரின்!" என்றாள் சுவர்ணா.

"வீட்டுக்காரர் தந்ததை அவற்ற முகத்துக்கு நேரே துப்புறதோ? அம்மா கேள்விப்பட்டா என்னைக் கொன்றுபோடுவா."

இரண்டாவது இடத்தில் ஒரு இளம் சோடி மண்சாடிகளில் வைன் வைத்திருந்தார்கள். அங்கேயும் கத்தரின் வாளியை அவமதித்தாள். மூன்றாவது கிளாஸில் அவளுடைய இத்தாலி பாஷை பலெர்மோ சந்தைக்குப் போய்விட்டது. அந்தச் சோடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாலாவது கிளாஸில் மாதா பாட்டு ஒன்று புறப்பட்டது.

"வாய்க்கு எப்பிடி இருக்கு? அதைச் சொல்லும்," என்று சுவர்ணா உலுக்கினாள்.

"நாவற்பழம் மச்சாள். உப்புப் போட்டுக் குலுக்கின நாவற்பழம்."

சுவர்ணா கிளாஸுக்குள் மூக்கை விட்டாள். பசி மூக்கைத் தீட்டிவைத்திருந்தது. மிளகு வந்தது, மழை நனைத்த மண் வந்தது, எங்கேயோ தூரத்தில் கறுவாப்பட்டையும் வந்தது. வகுப்பில் ஒருநாளும் இப்படித் தெளிவாக வந்ததில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள். நல்ல வைன்தான். அன்று கிளாஸைக் கீழே வைக்க மறக்கப் பண்ணின வைன் இது இல்லை.

பொழுது சரிகிற நேரம் மூன்றாவது இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மலை உச்சியில் ஒரு கல்வீடு. அந்த முக்கியமான வைன்காரி இவள்தான், பெயர் ஃபிலொமேனா. "எங்கட பிலோமினாப் புனிதையின்ரை பேர்!" என்று கத்தரின் காரிலேயே துள்ளினாள். சுவர்ணாவின் வயதுதான் இருக்கும், முழங்கைவரை கை திராட்சைச் சாற்றில் ஊதா நிறம். சிரிக்காமல் கை கொடுத்தாள், சிரிக்காமல் ஊற்றினாள். சுவர்ணா கிளாஸைச் சுழற்றி மணந்துவிட்டு அப்படியே கத்தரினிடம் நீட்டினாள்.

ஃபிலொமேனாவின் முகம் இறுகியது. என்னவோ கேட்டாள். கத்தரின் கழுத்தில் கிடந்த மாதா பதக்கத்தைப் பிடித்துக் காட்டி, விரதம், நேர்த்திக்கடன் என்று நீளமாக விளக்கினாள். ஃபிலொமேனா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பிறகு கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னாள்.

"என்னவாம்?"

கத்தரின் தயங்கினாள். "நேர்த்தி நல்ல விசயமாம். அவவும் மதிக்கிறாவாம். ஆனா மூக்குக்கு வைன் விக்கிறேல்லையாம். குடிச்சுப் பாக்காத ஆளுக்கு ஒரு போத்திலும் தரமாட்டாவாம். அடுத்த வருசம் வரட்டாம்."

அடுத்த வருடமா? அதற்குள் றாக்கை முழுக்க வேப் குழாய் நிறைந்துவிடும். சுவர்ணாவின் கண் அந்தக் கிளாஸிலேயே நின்றது. ஒரே ஒரு வாய். கத்தரின் காட்டிக்கொடுக்கமாட்டாள். முருகன் மொலிசே வரைக்கும் வந்து எட்டிப் பார்க்கப்போகிறாரா? கை கிளாஸ்வரை போனது. பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. எதைக் கேட்டு விரதம் பிடித்தாளோ அதையே வைத்து விரதத்தை முறித்தால், அந்த றாக்கையை ஒவ்வொரு நாளும் எந்த முகத்தோடு பார்ப்பது? கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே பொழுது பட்டுவிட்டது. விரதக்காரி வாயில் எதையாவது போடலாம். காரில் வாழைப்பழமும் பிளாஸ்கில் பாலும் இருந்தன. ஆனால் வீட்டு வாசலிலிருந்தே கொடி வரிசை தொடங்கியது. பறித்து முடிந்த கொடிகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் குலைகள் எஞ்சியிருந்தன. சுவர்ணா ஒரு குலையைக் காட்டி, எடுக்கலாமா என்று கையால் கேட்டாள். வழியனுப்ப வந்த ஃபிலொமேனா தோளைக் குலுக்கினாள்.

"குருவியளுக்கு விட்டதாம். எடுக்கட்டாம்," என்றாள் கத்தரின்.

சுவர்ணா கைப்பையில் இருந்த திருநீற்றைப் பூசிக்கொண்டாள். கண்ணை மூடி முருகா என்றாள். ஒரு பழத்தை வாயில் போட்டாள்.

விடியலிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடாத நாக்கு. பழம் உடைந்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. இனிப்பு, உடனே புளிப்பு, தோலைக் கடித்தால் மிளகு, விதையைக் கடித்தால் வறுத்த கச்சான் கடலையின் கசப்பு. ஐயோ! ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போனது. இன்னொன்று. இன்னொன்று. வரிசையோடு நடந்தாள். எஞ்சின குலை ஒவ்வொன்றிலும் ஒரு பழம். ஃபிலொமேனா என்ன நினைப்பாள் என்பதெல்லாம் அவளுக்கு மறந்தே போனது. சரிவில் ஏறி ஆக மேலே இருந்த வரிசைக்கு வந்து ஒரு பழத்தைக் கடித்தவள், அப்படியே நின்றாள்.

"கத்தரின்! இஞ்ச ஓடி வாரும்! இது வேற!"

"என்ன வேற? எல்லாம் ஒரு கொடிதானே?"

"இல்லை. கீழை உள்ளது இனிப்பு. இது மெலிஞ்சு, கூர்மையாக் கிடக்கு. கடைசியிலை கல்லை நக்கின மாதிரி ஒரு குளிர். அவவிட்டைச் சொல்லும். வகுப்பிலை நான் குடிச்சது இதுதான். இதேதான்!"

கத்தரின் சொன்னாள். கட்டியிருந்த ஃபிலொமேனாவின் கை தானாக அவிழ்ந்தது. அவளும் மேலே ஏறிவந்து, அதே குலையில் ஒரு பழத்தைப் பிடுங்கித் தன் வாயில் போட்டாள். இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து மென்றார்கள். மென்று மென்று, விதையைத் துப்பினார்கள். பிறகு ஃபிலொமேனா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். மளமளவென்று பேசத் தொடங்கினாள். கத்தரினுக்கு மூச்சு வாங்கியது.

"இந்த வரிசை மட்டும் பாறையிலை நிக்குதாம். இதைப் புறம்பாத்தான் பீப்பாயிலை போடுறாவாம். கொஞ்சம்தான் வருமாம். ஆக்களுக்குக் காட்டுறேல்லையாம், தனக்கெண்டு வைச்சிருக்கிறாவாம். கொஞ்சம் ஒரு முறை லண்டனுக்குப் போனதாம். இஞ்ச வைன் வாங்க வாற எல்லாரும் குடிக்கத்தான் வருவினமாம். பழத்தைத் தின்னுற ஆள் நீங்கள்தானாம்."

ஃபிலொமேனா உள்ளே ஓடிப்போய் லேபல் ஒட்டாத ஒரு போத்திலோடு வந்தாள். அந்த வரிசையில் இரண்டு வருடத்துக்கு முந்திப் பறித்தது. போத்திலைச் சுவர்ணாவின் கையில் வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"கொடியிலேயே தின்னுட்டீங்களாம். இப்ப சொல்லட்டாம். குடிக்காமலே வேணுமோ, வேண்டாமோ?" கத்தரினின் குரல் தாழ்ந்தது. "மச்சாள், அத்தான் குடிச்சுப் பாத்துத்தான் வாங்கச் சொன்னவர். யோசியுங்கோ."

"ஓம் எண்டு சொல்லும். அந்த வரிசையிலை வந்த எல்லாப் போத்திலும் எனக்குத்தான்."

கை குலுக்கினார்கள். சுவர்ணாவின் உள்ளங்கையில் ஊதாக் கறை அப்படியே ஒட்டிக்கொண்டது.

மறுநாள் விமான நிலையத்தில் நித்தியானந்தனின் போன் வந்தது.

"குடிச்சுப் பாத்தீரோ?"

விரதகாலத்தில் பொய் சொல்லமுடியுமா? "இல்லை. பழம் சாப்பிட்டனான். ஓடர் குடுத்திட்டன்."

"பசுவைத் தடவிப் பாத்திட்டு நெய் வாங்கின மாதிரியெல்லோ கிடக்கு," என்றார். போனையும் வைத்துவிட்டார்.

விரதத்தின் ஆறாம் நாள், சூரன்போர் அன்று, கோயிலில் எல்லோரும் அவளுடைய கையைப் பார்த்து மருதோன்றியா என்று கேட்டார்கள். அவள் சிரித்துச் சமாளித்தாள். மறுநாள் விடியப் பாறணைச் சோறு சாப்பிட்டு ஆறு வருட நேர்த்தியை முடித்தாள். அதற்கு மறுநாள் மத்தியானம், கத்தரினையும் கூட்டிக்கொண்டு, போத்திலோடு கடைக்குப் போனாள். வாசலில் கால் வைத்ததும் அது கண்ணில் பட்டது. வெறும் றாக்கைக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டி. வேப் ஸ்டாண்ட் வந்துவிட்டது.

"நத்தார் வரைக்கும் எண்டனீங்கள்," என்றாள்.

"குடிச்சுப் பாத்துத்தான் வாங்கிறது எண்டும் கதைச்சனாங்கள்," என்றார் நித்தியானந்தன்.

சுவர்ணா போத்திலைத் திறந்தாள். இத்தனை நாளும் இருந்த துள்ளலெல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துகொண்டது. பசியில் நாக்கு பொய் சொல்லியிருந்தால்? பசித்தவளுக்கு எந்தப் பழம்தான் தேனாகாது? பயந்தாள், நன்றாகவே பயந்தாள். ஊற்றினாள், ஒரு வாய் எடுத்தாள், கண்ணை மூடினாள்.

புளிப்பு வந்தது. மிளகு வந்தது. பிறகு ஒன்றுமே இல்லாத மாதிரி ஒரு கணம். அதற்குப் பிறகு, மெல்ல, அந்தப் பாறையின் குளிர்.

கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் கூடவே வந்தது. எதை முதலில் செய்வதென்று தெரியாமல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்பிடி?" என்றார் நித்தியானந்தன்.

சுவர்ணா கிளாஸைக் கத்தரினிடம் நீட்டினாள். கத்தரின் கிளாஸை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "மாதாவே!" என்று ஸ்டூலில் குந்தினாள்.

"நான் குடிக்கிறேல்லை. நல்லதோ கூடாதோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அவர்.

"நானும் குடிச்சோ வாங்கினனான்?" என்றாள் சுவர்ணா.

நித்தியானந்தன் அவளுடைய முகத்தைப் பார்த்தார், உள்ளங்கைக் கறையைப் பார்த்தார்.

"இந்த முறை விரதம் ஆருக்குப் பிடிச்சனீர்? நான் கேக்கவேயில்லை."

"இந்த றாக்கைக்கு."

"இதுக்கோ?"

"ஓம். மற்ற அஞ்சும் உங்களுக்கும் பிள்ளையளுக்கும், மாமிக்கும் தம்பிக்கும். இது எனக்கு."

அவர் போத்திலை எடுத்து, அவள் செய்கிற மாதிரியே மூக்கடியில் வைத்து மணந்தார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. போத்திலைக் கவனமாகக் கல்லாவில் வைத்துவிட்டு, குனிந்து அந்தப் பெரிய பெட்டியை அடியோடு கட்டிப்பிடித்துத் தூக்கினார்.

"ஐயோ, முதுகு!" என்று சுவர்ணா கத்தினாள்.

"அது கிடக்கட்டும். கதவைத் திறவும்."

முக்கி முனகிப் பெட்டியை ஸ்டோர் றூமுக்குள் கொண்டுபோய் வைத்தார். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஈரத்துணியோடு திரும்பி வந்தார். பிறகு கடை வாசலில் நின்று அந்த றாக்கையை மேல் தட்டிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினார்.